ஆயா வீட்டு நோட்டும் வாஷி டேப்பும்

ஆயா, அதாவது என் பாட்டி, வீட்டுக்கென்று ஒரு நோட்டுப் போட வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. வீடு காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரில் இருக்கிறது. முகப்பில் ஒரு தரை, வளவில் (நடு முற்றத்தில்) ஒரு தரை, இரண்டாங்கட்டில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஆத்தங்குடிப் பூக்கல் என்ற தரைக்கல்லின் கோலம் வேறு. அந்தத் தரைகள், ஆயாவின் கண்டாங்கிச் சேலைகள், பலகார அளவுகள், பழைய கல்யாணப் பத்திரிகைகள், காரைக்குடியிலிருந்து நான் போய்வரும் பஸ் டிக்கெட்டுகள் வரைக்கும் எல்லாம் ஒரே நோட்டில் வர வேண்டும். எனக்குப் படம் வரைய வராது. வாஷி டேப் என்ற மெல்லிய வண்ணக் காகித டேப்பை வைத்து நிறத்தையும் கட்டத்தையும் கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றியது. தை மாதம் ஆரம்பித்தேன், ஆடி வந்துவிட்டது. இடையில் செய்தது, கெட்டது, சரிசெய்தது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் வாங்கியது ஒரு ஃபேன்சி ஸ்டோரில். பத்து ரோல் அடங்கிய டப்பா 150 ரூபாய். ரோலுக்கு மூன்று மீட்டர், பூவும் பொட்டும் பளபளப்புமாகப் பார்க்க அவ்வளவு அழகு. அப்புறம் ஆன்லைனில் ஜப்பான் ரோல் ஒன்றைத் தனியாக வரவழைத்தேன். 15 மில்லிமீட்டர் அகலம், 7 மீட்டர் நீளம், வெறும் கடுகு மஞ்சள், 210 ரூபாய். மீட்டருக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 5 ரூபாய், இரண்டாவது 30 ரூபாய். ஆறு மடங்கு வித்தியாசம். அப்போது இது வீண்செலவு என்றுதான் நினைத்தேன்.

இரண்டையும் வளவில் வைத்துப் பார்த்தபோதே வித்தியாசம் தெரிந்தது. வளவில் மேலே திறந்த வானம், வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஒரு சாண் டேப்பை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஜப்பான் டேப்பில் நார் தெரிந்தது: நீளநீளமாக, ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிற மெல்லிய இழைகள். டப்பாவில் வந்தவற்றில் சிலவற்றில் நாரே இல்லை, வழவழவென்று ஒரே மாதிரி இருந்தது. கையால் கிழித்தபோது இன்னும் தெளிவானது. காகித டேப் இரண்டு விரல் நகத்துக்கு நடுவில் ‘சர்’ரென்று குறுக்கே கிழியும், கிழிந்த ஓரம் பஞ்சு மாதிரி இருக்கும். டப்பாவிலிருந்த பளபளப்பு ரோல்கள் கிழியவில்லை. இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போயின. அவை பிளாஸ்டிக். வாஷி என்ற பேரில் விற்கிறார்கள், அவ்வளவுதான். வாஷி என்றால் ஜப்பானியத் தாள் என்று பொருள். கோஸோ, மிட்சுமாதா, கம்பி என்ற செடிகளின் பட்டை நாரில் செய்யும் தாளுக்குப் பேர் போனவர்கள் அவர்கள். இன்று கடையில் வரும் எல்லா ரோலும் அந்தப் பட்டையில் செய்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நார் தெரிகிறதா, கையில் கிழிகிறதா என்ற இரண்டையும் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் ஏமாற மாட்டோம்.

ஆயா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் ஆத்தா, இம்புட்டு லேசாக் கிழியுதே, இது என்னத்தைப் புடிச்சு நிறுத்தும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த டேப்பின் பூர்வீகம் தெரிந்தது. 1920-களில் அமெரிக்காவில் காருக்கு இரண்டு நிறம் அடிப்பது நாகரிகம். ஒரு நிறத்தை மறைத்துக்கொண்டு அடுத்ததை அடிக்க வேண்டும். பழைய செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டுவார்கள். உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். 3எம் கம்பெனியில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1925-ல் மாஸ்கிங் டேப்பைக் கண்டுபிடித்தது இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான். ஜப்பானில் குராஷிகி ஊரிலுள்ள கமோய் கம்பெனி 1923-ல் ஈ பிடிக்கும் பசைத்தாள் செய்ய ஆரம்பித்தது, பிறகு வண்டிக்கும் கட்டடத்துக்கும் மாஸ்கிங் டேப் செய்தது. 2006-ல் மூன்று பெண்கள், அந்தத் தொழிற்சாலை டேப்பின் அழகில் மயங்கித் தாங்களே ஒரு சிறு புத்தகம் போட்டவர்கள், தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். அவர்கள் வந்துபோன பிறகுதான் ‘எம்டி’ என்ற பேரில் வண்ண வண்ண டேப் வந்தது.

ஆக, இந்த டேப் பிறந்ததே உரித்து எடுப்பதற்காக. கீழே இருப்பதைக் கெடுக்காமல் வர வேண்டும் என்பதுதான் அதன் முதல் வேலை. இதை ஆயாவிடம் சொன்னேன். “அப்போ நிக்கிறதைப் பாத்து வாங்காதே, வர்றதைப் பாத்து வாங்கு” என்றார். தை மாதத்தில் சொன்ன இந்தப் பேச்சின் முழு அர்த்தம் எனக்குச் சித்திரையில்தான் விளங்கியது.

நோட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதும் பேரேடு மாதிரி ஒன்றில் செய்ய ஆசைப்பட்டேன், தாள் மெலிசு. பள்ளிக்கூட நோட்டுத் தாள் சுமார் 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). டேப்பை எடுக்கும்போது சுருங்கிக் கிழிகிறது. கையால் செய்த பருத்தித் தாளில் டேப் நன்றாக ஒட்டுகிறது, எடுத்தால் பஞ்சும் கூடவே வருகிறது. கடைசியில் 120 ஜிஎஸ்எம் தாளில் ஏ5 அளவு நோட்டு, 80 தாள், தைத்த கட்டு. இதில் எதை ஒட்டினாலும் இரண்டு முறையாவது தாராளமாக எடுத்து மாற்றி ஒட்ட முடிகிறது.

முதல் வேலை அட்டை. கண்டாங்கி மாதிரி வர வேண்டும் என்று தீர்மானித்தேன். கடுகு மஞ்சள் சார்ட் அட்டையை மேலட்டைக்கு ஒட்டி, அதன்மேல் 6 மில்லிமீட்டர் அரக்கு டேப்பால் நெடுக்கும் குறுக்கும் கோடு. இடைவெளி ஒரே மாதிரி வர ஸ்கேல் வைக்கவில்லை. ஒரு அரக்குக் கோட்டை ஒட்டிவிட்டு, அதை உரசினாற்போல் 15 மில்லி மஞ்சள் டேப்பை லேசாக ஒட்டினேன். அதன் மறு ஓரத்தை உரசி அடுத்த அரக்குக் கோடு. அப்புறம் மஞ்சளை உரித்துவிட்டேன். அதே மஞ்சள் துண்டையே ஏழெட்டு முறை வைத்து எடுத்திருப்பேன். கோடு எங்கேயும் கோணவில்லை.

குறுக்குக் கோடு போட ஆரம்பித்ததும்தான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. டேப் ஒளி ஊடுருவும் தாள் அல்லவா? மஞ்சள் அட்டையின்மேல் ஒற்றையாகப் போகிற இடத்தில் அரக்கு கொஞ்சம் தணிந்து, செங்கல் நிறமாகத் தெரிந்தது. கோடும் கோடும் சந்திக்கும் சின்னச் சதுரத்தில் மட்டும் முழு அரக்கு, கருத்துச் சிவந்த நிறம். ஆயாவின் சேலையை எடுத்துவந்து பக்கத்தில் விரித்தேன். அதிலும் இதேதான். பாவில் (நெடுக்கு நூலில்) மட்டும் சிவப்பு இருந்து ஊடையில் (குறுக்கு நூலில்) மஞ்சள் ஓடும் இடத்தில் நிறம் தணிந்திருக்கிறது. பாவும் ஊடையும் இரண்டுமே சிவப்பாகச் சேரும் இடத்தில் அழுத்தமாக இருக்கிறது. தறியில் நூல் செய்வதை அட்டையில் தாள் செய்கிறது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் அன்று சாயங்காலம் முழுக்க அட்டையைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். செல்லோ டேப்பிலோ கலர் தாளை வெட்டி ஒட்டியோ இது வராது.

ஆயா வேறொன்று சொன்னார். “கட்டம் பத்தாது ஆத்தா. கண்டாங்கின்னா தெருக்கோடியில வரும்போதே கட்டம் தெரியணும்.” காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் அடையாளமே அந்த அகலக் கட்டமும் நல்ல கனமான கரையும்தான். பாதி வேலையை உரித்தேன். உரித்தது சுத்தமாக வந்தது, அட்டையில் ஒரு கீறல் இல்லை. இந்த முறை மஞ்சள் டேப்பை இரண்டு வரிசை பக்கத்தில் பக்கத்தில் வைத்து 30 மில்லி இடைவெளி. ஏ5 அட்டைக்கு நெடுக்கில் நாலு கோடு, குறுக்கில் ஐந்து. கரைக்கு அடியில் 15 மில்லி அரக்கு இரண்டு வரிசை, நடுவில் 3 மில்லி கறுப்பு. இப்போது தூரத்திலிருந்தே கண்டாங்கி என்று தெரிகிறது.

அடுத்தது வளவுத் தரை. இதற்குத்தான் அதிக நாள் ஆனது. அந்தத் தரையில் ஒரு கல்லைக் குறுக்காக இரண்டாகப் பிரித்த மாதிரி பாதி பச்சை, பாதி காவி. நாலு கல் சேர்ந்தால் ஒரு பூ. ஆத்தங்குடியில் இந்தக் கல்லைக் கண்ணாடிமேல் வார்க்கிறார்கள். கண்ணாடியில் தகர அச்சை வைத்து ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடி பிரிந்து வரும்போது அந்த வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. நெருப்பில் சுடுவதே இல்லை.

என் கல் 15 மில்லி சதுரம். 12-க்கு 8 என்று 96 சதுரம். அப்படியானால் 192 முக்கோணம். ஒவ்வொரு நிறத்துக்கும் 48 சதுரத்து நீளம், அதாவது 72 சென்டிமீட்டர் டேப் போதும். பட்டர் பேப்பரில் டேப்பை நீளமாக ஒட்டி, பென்சிலால் 15 மில்லிக்கு ஒரு கோடு, பிறகு குறுக்குக் கோடு போட்டுக் கட்டரால் வெட்டினேன். புருவம் எடுக்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டினேன். பட்டர் பேப்பரில் ஒட்டியதை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் விட்டுவைத்த ஒரு துண்டில் பசையின் பிடி குறைந்துபோயிருந்தது.

முதல் பக்கம் பாழ். மூலையிலிருந்து ஆரம்பித்து ஒன்றோடொன்றை ஒட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு சதுரத்திலும் அரை மில்லி பிசகினால் பன்னிரண்டாவதில் ஆறு மில்லி. வரிசை படகு மாதிரி வளைந்துவிட்டது. அந்த வாரம் வீட்டில் தளவரிசை பழுதுபார்க்க வந்திருந்த கொத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, “நூல் புடிக்காமப் போட்டா அப்படித்தான் ஓடும். நடுவுல இருந்து போடு தாயி, மிச்சத்தைக் கரையில வாங்கிக்க” என்றார். தரைக்குச் சொல்வது தாளுக்கும் பொருந்துகிறது. பக்கத்தின் நடுவில் ஒரு சிலுவைக் கோடு பென்சிலால் இழுத்து, அங்கிருந்து நாலு பக்கமும் பரப்பினேன். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் மயிரிழை அளவு இடம் விட்டேன். பிசகு அதிலேயே அடங்கிவிடுகிறது, பார்க்கத் தரையில் கல்லுக்கு நடுவில் இருக்கும் கோடு மாதிரியே இருக்கிறது. சுற்றிலும் மிஞ்சிய 14, 15 மில்லியில் கறுப்பு ஓரம். மூன்று சாயங்காலம் பிடித்தது. இந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பங்குனி வரை எல்லாம் நன்றாகப் போனது. சித்திரையில்தான் அடி விழுந்தது.

ஆயாவின் கல்யாணப் பத்திரிகை, 1962-ஆம் வருஷத்தது, மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. அதை மாசியிலேயே நோட்டில் வைத்து நாலு மூலையிலும் அந்த 150 ரூபாய் டப்பாவிலிருந்த பூப்போட்ட டேப்பால் ஒட்டியிருந்தேன். நோட்டு மச்சுவீட்டு அலமாரியில் இருந்தது. காரைக்குடிப் பக்கத்துச் சித்திரை வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதம் கழித்து நோட்டைத் திறந்தால் இரண்டு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. சூட்டில் பசை இளகி டேப்பின் ஓரம் வழியாக வெளியே வந்து, எதிர்ப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பத்திரிகையின் மூலையில் எண்ணெய் பட்ட மாதிரி ஒரு வட்டம். அவசரப்பட்டு ஒரு மூலையை இழுத்தேன். டேப்போடு தாளின் மேல்தோலும் வந்தது. ஓரத்துச் சிவப்புக் கொடியில் ஒரு விரற்கடை போய்விட்டது.

அன்று மனசு மிகவும் கஷ்டப்பட்டது. பக்கத்து ஊர் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒருவர் பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் அவர் பேரில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. அப்படித் தாளைக் காத்த மண்ணில் இருந்துகொண்டு, அறுபது வருஷம் பெட்டகத்தில் பத்திரமாக இருந்த தாளை நான் இரண்டே மாதத்தில் கெடுத்திருக்கிறேன்.

மிச்சம் மூன்று மூலையை எடுத்த விதம் இது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தூரத்தில் பிடித்து இருபது எண்ணும் வரை காட்டினேன். பசை இளகியதும் டேப்பின் நுனியைத் தூக்கி, மேல்நோக்கி இழுக்காமல், தன்மேலேயே மடித்துத் தாளோடு தாளாகப் படுத்தவாக்கில் பின்னுக்கு இழுத்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். நின்றால் மறுபடியும் சூடு. மூன்றும் சேதமில்லாமல் வந்தன. தாளில் தங்கிய பிசுபிசுப்பை நல்ல வாஷி டேப்பைப் பசை வெளியே இருக்கும்படி விரலில் சுற்றி, ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்க்கவே கூடாது. எண்ணெய் வட்டம் மட்டும் போகவில்லை, அப்படியே இருக்கிறது.

பக்கத்திலேயே மஞ்சள் ஜப்பான் டேப்பால் ஒட்டிய ஒரு புகைப்படப் பிரதி இருந்தது. அதே அலமாரி, அதே சூடு. நுனியைத் தூக்கியதும் சும்மா வந்தது. ஆயா தையில் சொன்னதுதான். மீட்டருக்கு 30 ரூபாய் எதற்கென்று அன்று புரிந்தது.

அதற்கப்புறம் அசலை நோட்டில் ஒட்டுவதில்லை, எவ்வளவு நல்ல டேப்பாக இருந்தாலும். ஜெராக்ஸோ போட்டோ பிரிண்டோ ஒட்டுகிறேன். அசலே இருக்க வேண்டுமென்றால் பட்டர் பேப்பரில் ஒரு உறை மடித்து, உறையை மட்டும் டேப்பால் பக்கத்தில் நிறுத்துகிறேன். அசல் உள்ளே சும்மா இருக்கிறது. பஸ் டிக்கெட்டுக்கும் இதே வழி. மெஷினில் வரும் டிக்கெட் சூட்டில் எழுத்து வரும் தாள், அதில் மை கிடையாது. எழுத்தின்மேல் டேப் பட்டால் பசை அதை மங்கச் செய்துவிடுகிறது. மாசியில் ஒட்டிய ஒரு டிக்கெட்டில் ஊர் பேரே இப்போது இல்லை.

நோட்டு வீங்குவதையும் கவனிக்க வேண்டியிருந்தது. டேப்பின் கனம் சுமார் 0.1 மில்லிதான். ஆனால் தாளின் இரண்டு பக்கமும் ஒரே மேல்மூலையில் ஒட்டினால் 40 தாளில் 8 மில்லி ஏறிவிடும். நான் எல்லாவற்றையும் வலது மேல்மூலையிலேயே ஒட்டி, நோட்டு ஒரு பக்கம் ஆப்பு மாதிரி நின்றது. இப்போது ஒரு பக்கம் மேலே, அடுத்தது நடுவில், அதற்கடுத்தது கீழே என்று மாற்றி மாற்றி வைக்கிறேன்.

டேப்பின்மேல் எழுதவும் பார்த்தேன். ஜெல் பேனா உடனே காயவில்லை, கை பட்டால் இழுபடுகிறது. மைப்பேனா மை முத்து முத்தாக நிற்கிறது. பால்பாயிண்ட்டும் மார்க்கரும் நன்றாகப் பிடிக்கின்றன. இது நோட்டுக்கு உதவியதைவிட அடுக்களைக்குத்தான் அதிகம் உதவியது.

ஆயாவுக்கு எல்லா எவர்சில்வர் டப்பாவும் ஒன்றுபோல இருக்கும். வெள்ளை டேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து, பால்பாயிண்ட் பேனாவைக் கையில் கொடுத்தேன். சோம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ என்று எழுதி எழுதி டப்பாக்களில் ஒட்டினார். அந்தக் காலத்து எழுத்து. ‘லை’க்கும் ‘னை’க்கும் முன்னால் கொம்பு சுழித்த பழைய வடிவம் இன்னும் அவர் கையில் இருக்கிறது. நோட்டில் எழுதச் சொன்னால் “எனக்கென்னத்துக்கு அதெல்லாம்” என்று எழுந்து போய்விடுவார். டப்பாவில் எழுதச் சொன்னால் மறுப்பு இல்லை.

போன வாரம் ஆடிக்குக் கும்மாயம் என்ற இனிப்புக் கிண்டினோம். உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசி, மூன்றின் அளவையும் மூன்று துண்டு டேப்பில் எழுதி அந்தந்தப் பாத்திரத்தில் ஒட்டச் சொன்னேன். பாத்திரம் காலியானதும் ஒவ்வொன்றாக உரித்தேன். எவர்சில்வரிலிருந்து சுத்தமாக வந்தது. மாவு பட்டுப் பிடி கொஞ்சம் குறைந்திருந்ததால் பின்னால் க்ளூ ஸ்டிக்கை ஒரு இழுப்பு இழுத்து, நோட்டில் வரிசையாக ஒட்டினேன். ஓரத்தில் கருப்பட்டிப் பாகு பட்ட விரல் அடையாளம் ஒன்று அப்படியே இருக்கிறது. கந்தரப்பம் என்ற பலகாரத்துக்கு எழுதிய அளவு இன்னும் அரிசி டப்பாவில்தான் இருக்கிறது. அரிசி தீர்ந்ததும் அதை எடுப்பேன்.